மாமனாரின் கெண்டைக்கால்

“என்ன மாமா, பாட்டில் காலியா?”

“குடிச்சு முடிச்சாச்சும்மா.”

மாமனார் முகத்தில் அப்படியே பால் வடிந்தது. ஆனால் பால்கனித் தொட்டியில் மண் சொதசொதவென்று ஊறிக் கிடந்ததை அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வாரமாக அந்தச் செடி மட்டும் ஏன் தளதளவென்று வளர்கிறது என்ற மர்மமும் விளங்கிவிட்டது.

அவள் பஸ் டிரைவர். விடிவதற்குள் முதல் பஸ்ஸை எடுப்பவள். “பொம்பளை பஸ் ஓட்டுறதா?” என்று சொந்தபந்தம் மொத்தமும் முகம் சுளித்தபோது, “என் மருமக ஓட்டுற பஸ்ல முதல் சீட்டு எனக்குத்தான்” என்று எல்லார் வாயையும் அடைத்தவர் இந்த மாமனார். சொன்னபடி வந்து உட்காரவும் செய்தார். அந்த நன்றி அவளுக்கு இன்றும் நெஞ்சு நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தப் பொய் சுருக்கென்று தைத்தது.

கொஞ்ச காலமாகவே மாமனார் காலையில் நொண்டிக்கொண்டுதான் எழுந்து வருகிறார்.

“ஒண்ணுமில்லம்மா, ராத்திரி கெண்டைக்கால் லேசா இழுத்துப் பிடிச்சுக்கிச்சு” என்பார்.

லேசாவாவது, மண்ணாவது. போன மாசம் அந்தக் காலை ஊன்றப் போய்த் தடுமாறி, நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் கீழே விழுந்திருப்பார்.

டெப்போவில் சொன்னாள். ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழுந்தது.

“எண்ணெயைச் சுடவச்சு நீவி விடு” என்றாள் கண்டக்டர்.

“இழுக்கிறப்போ காலை நீட்டி, பாதத்த முகத்துப் பக்கமா மடக்கச் சொல்லுங்க. சட்டுனு விட்டுடும்” என்றார் மெக்கானிக். காவலாளி வாழைப்பழத்துக்குச் சிபாரிசு செய்தார்.

அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் உட்காரவைத்து எண்ணெய் நீவினாள். சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கச் சொன்னாள். மாமனாரும் நல்ல பிள்ளையாக எல்லாம் செய்தார். வலி கொஞ்சம் குறைந்ததே தவிர, விட்டபாடில்லை.

கடைசியில் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

“வேற கோளாறு எதுவும் தெரியல. உடம்புல தண்ணி பத்தல, அதான் இழுக்குது” என்றார் டாக்டர். “நல்லா தண்ணி குடிங்க பெரியவரே. இந்த வயசுல விழுந்து இடுப்பெலும்பு போச்சுன்னா, திரும்ப எழுந்து நடக்கிறது கஷ்டம்.”

அன்று வாங்கியதுதான் இந்தப் பெரிய பாட்டில். அதைத்தான் செடி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“தொட்டி மண்ணு ஈரமா இருக்கு மாமா.”

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“டாக்டர் சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துச்சு? நீங்க விழுந்து படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“வயசாச்சுல்லம்மா. தண்ணி அவ்வளவா இறங்க மாட்டேங்குது.”

“உங்க பொண்ணு வீட்டுல இருந்தப்போ மட்டும் சொம்பு சொம்பா இறங்குச்சாம். கால் ஒரு தடவைகூட இழுக்கலையாம். இப்பத்தான் போன்ல சொன்னாங்க. அங்க இறங்குற தண்ணி, நான் குடுத்தா இறங்காதா மாமா?”

அவள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“என்மேல என்ன குறைன்னு சொல்லிடுங்க. அங்கதான் உங்களுக்குச் சௌகரியம்னா, மனசே இல்லாட்டியும் நானே கொண்டுபோய் விடுறேன்.”

மாமனார் பதறிப்போனார்.

“அப்படியெல்லாம் பேசாதம்மா. உன்மேல நான் என்ன குறை சொல்லப்போறேன்? அங்க பாத்ரூம் ஹாலை ஒட்டியே இருக்கு. அவ்வளவுதான்.”

“பாத்ரூமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“தண்ணி குடிச்சா ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கணும். ஹால்ல படுக்கிற நான், இங்க உங்க ரூமைத் தாண்டித்தானே போகணும். என் பையன் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டான். நீ கதவு அசைஞ்சாலே முழிச்சுக்கிறவ. விடியிறதுக்குள்ள வண்டி எடுக்கிற பொண்ணு. உன்னை நம்பி எத்தனை பேர் ஏறுறாங்க. அந்தத் தூக்கத்தை நான் கெடுக்கலாமா?”



மாமனார் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். “கால் இழுத்தா நான் ஒருத்தன்தானேம்மா முழிச்சிருக்கப்போறேன்.”

இத்தனை நாள் ஒரு கொட்டாவி விடாமல் பஸ் ஓட்டியது யார் புண்ணியத்தில் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. நேராக உள்ளே போய், தங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஹாலில் போட்டாள்.

“என்னம்மா பண்ற?”

“இன்னையிலேருந்து உள்ரூம் உங்களுக்கு மாமா. நாங்க இங்க படுத்துக்கிறோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை நிரப்பி நீட்டினாள். “முதல்ல இதைக் குடிங்க.”

மாமனார் பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அவ்வளவு தாகத்தையும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.