பேஸ் குமுறுகிறது

“என்னடா இது, பானைக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி குமுறுது?”

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள். வானொலி விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பது அவள் வேலை. தம்பி காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன். மிச்ச நேரமெல்லாம் படுக்கையறையில், தாழ்ந்த சுரத்தில் முழங்கும் பேஸ் கிட்டாரும் ட்ரம்முமாக எதையாவது வாசித்துப் பதிவு செய்துகொண்டிருப்பான்.

“அதுக்குத்தான்க்கா உனக்கு அனுப்பினேன். இன்னிக்கே சரி பண்ணிக் குடுத்துடு. இது போய்ச் சேரலைன்னா எல்லாம் போச்சு.”

“யாருக்கு? ஏதாவது கம்பெனியா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன். ரொம்பக் கூர்மையான காது உள்ள ஆளு. பேஸ் சரியில்லைன்னா பாதியிலயே நிறுத்திடுவாங்க. இந்த ஒரு வாய்ப்புதான் இருக்கு.”

வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோதுகூட அவன் இப்படிக் கெஞ்சியதில்லை.

“ஏன்டா, உன் பொண்டாட்டி அடுப்படியிலேர்ந்தே சொல்லுவாளே, பேஸ் தூக்கலா இருக்குன்னு. உப்பு பாக்கற மாதிரி. அவ கேட்டாளா?”

“அவ கடைக்குப் போயிருக்கா.”

“சரி, மைக்கை சுவரை ஒட்டி வச்சியா?”

“இல்ல, தள்ளித்தான் வச்சேன்.”

“பேஸும் ட்ரம்மும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்குதுங்க. ஒண்ணைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு.”

“ஒதுக்கியாச்சு. அப்பவும் அடங்கல.”

“சத்தம் அமுங்கறதுக்குப் பெரிய ட்ரம்முக்குள்ள தலையணை வச்சியா?”

“ரெண்டு தலையணையும் உள்ளதான் இருக்கு.”

“ரெண்டுமா? அப்ப எதுல தலை வச்சுப் படுக்கறீங்க?”

“எதுலயோ படுக்கறோம். நீ பாட்டைப் பாருக்கா.”

அவள் போன வருஷம் அவன் அனுப்பிய பழைய பாட்டை எடுத்துப் போட்டாள். அதில் பேஸ், வெறுங்காலோடு ஒருவர் தரையில் நடந்து வருவதுபோல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. அதே கிட்டார், அதே அறை, அதே கைதான். பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் குமுறல்?

கண்ணை மூடி அந்த அறைக்குள் போய்ப் பார்த்தாள். கட்டில், ஜன்னல், நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க மர அலமாரி. பதிவு செய்யும்போது அதன் கதவைத் திறந்து வைக்கச் சொன்னதே அவள்தான். அடைத்து வைத்த துணி, முழங்குகிற சத்தத்தை விழுங்கிவிடும். ‘என் துணிமணியெல்லாம் உங்க தம்பிக்கு ஸ்டுடியோ ஆயிடுச்சுக்கா’ என்று தம்பி மனைவி அப்போது சிரித்தாள்.

அதற்கடுத்த தடவை போனபோது அவள் சிரிக்கவில்லை. ‘ட்ரம்மு வைக்க இடம் பத்தலையாம். இந்த அலமாரியையும் காலி பண்ணச் சொல்றார்க்கா. இங்க எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்’ என்றாள். அன்று சிரித்தது அக்காதான்.

“அலமாரிக் கதவு திறந்திருக்காடா?”

“திறந்துதான் இருக்கு.”

“அதை ஒரு தட்டு தட்டிக் காட்டு.”

‘டொம்’ என்றது போன்.

நிறைந்த அலமாரி அப்படிப் பேசாது.

கேட்டுவிடலாம். கேட்டால் மறுபடியும் கடை என்பான், இல்லை குளிக்கிறாள் என்பான். பொய் சொல்லிவிட்டு அதற்காகவும் தனியாகப் புழுங்குவான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாயைத் திறந்து எதையும் சொல்லத் தெரியாது. இந்தப் பாட்டில்கூட ஒரு வார்த்தை இல்லை.

“இருடா, பாக்கறேன்” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பேஸில் எங்கே முழங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் பிடித்துச் சத்தத்தை இறக்கினாள். ட்ரம்மின் அடி தெளிந்தது. பேஸ் அதன் மேல் பதமாக உட்கார்ந்தது. கைவந்த வேலை, கச்சிதமாக வந்திருந்தது. மறுபடி கேட்டாள். இப்போது அது, எந்தக் குறையும் இல்லாத வீட்டில் வாசித்ததுபோல் இருந்தது.

அதை அழித்தாள்.

“நான் கை வைக்கலடா. எனக்கு எப்படி அனுப்பினியோ அப்படியே அனுப்பிடு.”

“விளையாடறியா? அந்தக் காதுக்கு இதைப் போய் எப்படி அனுப்பறது?”

“அந்தக் காதுக்குத்தான்டா அனுப்பச் சொல்றேன்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஓசை.

“உனக்கு எப்படிக்கா...?”

“அனுப்பு முதல்ல.”

அனுப்பினான். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. அவன் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், கட்டில் கிரீச்சிட்டது. இவள் மேஜை மேலிருந்த தூசியை விரலால் கூட்டிக்கொண்டிருந்தாள். தப்பான யோசனை சொல்லிவிட்டோமோ? பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருக்கலாம். இப்படிப் பிடிவாதம் பிடித்து அவனுடைய ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிட்டால்?

போனில் ‘டிங்’ என்றது. அவன் மூச்சு நின்று, பிறகு விக்கல்போல் ஒரு சிரிப்பாக வெளியே வந்தது.

“என்னடா, என்ன சொல்றாங்க? படிச்சுக் காட்டு.”

மூன்று வாரமாகக் ‘கடைக்குப் போயிருந்த’ தன் மனைவியின் பதிலை, பெரிய சுமையை இறக்கி வைத்தவன்போல் அவன் நிறுத்தி நிறுத்திப் படித்தான்: “‘பேஸ் ரொம்பக் குமுறுது. அலமாரில இன்னும் எதையுமே கொண்டுவந்து அடைக்கல போலிருக்கு. அப்படியே இருக்கட்டும், என் துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வரேன்.’”