மூழ்கிய முட்டை

சாம்பல் நீரில் விட்ட முட்டை மூன்றாவது முறையும் மூழ்கியது. அது மிதந்தால்தான் நீரில் காரம் போதுமென்று அர்த்தம்; சோப்பு காய்ச்ச முடியும்.

"போன வாரம் அந்த விதவை மெஹிட்டபெல் உன் சாம்பல் பீப்பாய்கிட்ட நின்னதை நானே பார்த்தேன்டி, கெசியா," என்றாள் பக்கத்து வீட்டு டார்கஸ். "சூனியக்காரி. இப்பவே போய் மாஜிஸ்ட்ரேட்கிட்ட சொல்றேன்."

கெசியாவுக்குத் தெரியும்: சூனியம் என்றால் தூக்குமரம்தான். உண்மையைச் சொல்லலாமென்றால் கணவன் சைலஸ் எதிரிலேயே நிற்கிறான்.

ஆண்டவரை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "நான்தான் வரச் சொன்னேன்க்கா. அவளுக்கு நாலு பிள்ளைங்க, பாவம். சோப்புக்கு வெச்சிருந்த பன்றிக் கொழுப்புல பாதியை இவருக்குத் தெரியாம கொடுத்தேன்."

"கொழுப்பு குறைஞ்சா முட்டை மூழ்குமா?"

சைலஸ் தொப்பியைக் கழற்றினான். "அது என் வேலை. நல்ல ஓக் சாம்பலை அந்தம்மாவுக்குக் கொடுத்துட்டு, நம்ம பீப்பாயில பைன் சாம்பலைப் போட்டுட்டேன். அதுல காரம் பத்தாது. நீ திட்டுவியோன்னு சொல்லல, கெசியா."

அப்போது வேலியோரம் மெஹிட்டபெல் சோப்புச் சட்டியுடன் வந்தாள்.

"முட்டை பந்து மாதிரி மிதந்துச்சு. முதல் சட்டி உங்களுக்குத்தான்," என்றவள் திரும்பினாள். "டார்கஸ் அக்காவும் இங்கதானா? உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."