ஏரியில் இறக்குவது எப்படி

அன்றைக்கும் ஆனந்தராஜ் ஏரியில் மூக்குக் குத்தி விழுந்தார். மத்தியானம் உட்கார்ந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை.

திரை சிவப்பாகி 'கிராஷ்' என்றது. அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது பிரான்சிஸின் கேம் சென்டர். காலேஜ் பசங்க கார் ரேஸ் ஓட்டுகிற இடம். அங்கே ஐம்பத்தாறு வயது கவர்மெண்ட் பஸ் டிரைவர், டியூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையிலேயே வந்து உட்கார்ந்து தினமும் விமானத்தைத் தண்ணீரில் இறக்கிப் பழகினால் ஊர் சும்மா இருக்குமா?

டீக்கடையில் ஒருத்தர் விசிலடித்து, ஏரி ஸ்டாப்பிங் எல்லாம் இறங்கு என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தார். டிப்போவில் கூட வேலை பார்க்கும் மாரியப்பன், விமானத்தில் அறிவிப்பு சொல்லும் பெண் மாதிரி மூக்கால் இழுத்து, நீச்சல் தெரிந்த பயணிகள் மட்டும் ஏறவும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ மெதுவாகக் கலைமதி பேரைச் சொன்னதும், குனிந்து டீயைக் குடித்தார்கள்.

கலைமதி அவருடைய ஒரே மகள். வெளி மாநிலத்தில் பைலட் படிப்பு. போன வருஷம் பயிற்சி விமானத்தில் என்ஜின் நின்றுபோனது. கீழே பெரிய ஏரி. ஓட்டியது சீனியர் இனியவன், விழுப்புரத்துப் பையன். பக்கத்து சீட்டில் கலைமதி. இரண்டு பேருமே பெட்டியில்தான் வந்தார்கள்.

'விமானி மூக்கைத் தூக்கிப் பிடித்திருந்தால் தப்பித்திருக்க வாய்ப்புண்டு' என்று விசாரணை அறிக்கையில் ஒரு வரி. அது போதும் ஊருக்கு. இனியவனின் கண்ணீர் அஞ்சலி பேனரில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாணி அடித்தார்கள். அவன் அம்மா கோவிந்தம்மாள் தானே அதை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தாளாம். கேள்விப்பட்ட ஆனந்தராஜ், நல்லா வேணும் என்றார்.

பிரான்சிஸ்தான் அவருக்காக அதே ஏரியைத் தேடிப் போட்டுக் கொடுத்தவன். அதே சின்ன விமானம், அதே உயரத்தில் என்ஜின் நிற்கிற மாதிரி. ஒரு நாள் மனசு கேட்காமல் கேட்டுவிட்டான்.

"எதுக்குண்ணா இதையே பண்ணிக்கினு இருக்கீங்க? உங்களுக்கே பேஜாரா இல்ல?"

"ஒரு தடவ எறக்கிட்டா போதும்டா. நேரா விழுப்புரம் போவேன். அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், பஸ் ஓட்றவன் நானே எறக்கிட்டேன், உன் புள்ளையால ஏன் முடியலன்னு."



ஆனால் இறங்கினால்தானே? இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு. தண்ணீர் நெருங்க நெருங்க வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடும். மூக்கைத் தூக்கினால் கண்ணாடி முழுக்க ஆகாயம்தான். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த டிரைவர் ஓட்டுவான்? பார்ப்பதற்காக மூக்கைக் கொஞ்சம் இறக்குவார். டமால்.

முன்னால் பார்க்கவே பார்க்காதீர்கள், பக்கவாட்டில் கரையை மட்டும் பாருங்கள், வேகம் குறைகிறதென்று எச்சரிக்கை ஹாரன் அலறினால் அலறட்டும், மூக்கை விடாதீர்கள் என்று பிரான்சிஸ் நூறு முறை சொல்லியிருப்பான்.

அன்றைக்கு ஆறாவது தடவை, ஆனந்தராஜ் முன்னால் பார்க்கவில்லை.

ஹாரன் கத்தியது. கண்ணாடியில் வெறும் ஆகாயம். அவர் கழுத்தைத் திருப்பிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வால் முதலில் தண்ணீரைத் தொட்டது. அப்புறம் வயிறு. சறுக்கிக்கொண்டே போய், நின்றது. மிதந்தது.

திரை சிவக்கவில்லை.

பிரான்சிஸ் கைதட்டினான். கார் ரேஸ் பசங்க எழுந்து வந்து பார்த்தார்கள். ஆனந்தராஜ் பிடித்த பிடியை விடவில்லை.

"இப்ப கதவத் தெறந்துகினு வெளிய வந்துடலாம் இல்ல?"

"வந்துடலாம்ணா."

"அப்ப முடியும்."

அவ்வளவுதான். பிரான்சிஸைப் பைக்கை எடுக்கச் சொன்னார். கூட்டேரிப்பட்டு தாண்டுகிற வரைக்கும் பிரான்சிஸ் கெஞ்சிக்கொண்டே வந்தான். இன்னொரு நாள் போகலாம், ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம், செத்தவனை மறுபடி சாகடிக்கணுமா என்று.

விழுப்புரத்தில் கதவைத் திறந்த கோவிந்தம்மாளுக்கு அவரைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லக்கூடத் தைரியம் இல்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏசிட்டுப் போங்கண்ணா. ஊரே முதுகுக்குப் பின்னாடிதான் ஏசுது. நேர்ல வந்தது நீங்க ஒருத்தர்தான்."

ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவளே கேட்டாள்.

"அதே மாதிரி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறீங்களாமே. நெசத்த சொல்லுங்க. என் புள்ள நெனச்சிருந்தா உங்க பொண்ணக் காப்பாத்தியிருக்கலாமா? அது தெரியாம என்னால ஒரு வாய் சோறு எறக்க முடியல."

வாசலில் நின்ற பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனந்தராஜ் அவளையே பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"முந்நூறு தடவைக்கு மேல ஓட்டிப் பாத்துட்டேன் தங்கச்சி. ஒரு தடவ கூட முடியல."