முதுகில் தாங்கிய சுவர்

பொன்மலை ரயில்வே குடியிருப்பில், ஃபிட்டர் தைரியராஜின் போர்வை மேல் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. இனி மருந்தில் பலனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் காலையில்தான் சொன்னார். கட்டிலோரம் உட்கார்ந்து மனைவி அக்னஸ் புத்தகம் படித்துக் காட்டுகிறாள். வருஷக்கணக்காக டிவியில் ஓடி, இருவரையும் சிரிக்க வைத்த நாடகத் தொடரை எப்படி எடுத்தார்கள் என்று சொல்லும் புத்தகம். படப்பிடிப்பு நடுவில் அட்டைச் சுவர் சாய, அப்பாவாக நடித்தவர் அதை முதுகால் தாங்கிக்கொண்டே வசனம் முழுவதையும் பேசி முடித்தாராம். "அதான் அந்த ஆளு அப்படி விறைப்பா நின்னாரா!" தைரியராஜ் சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகிறது, பனியனுக்குள் விலா எலும்புகள் ஏறி இறங்குகின்றன. அக்னஸ் நெஞ்சை நீவிவிடுகிறாள். "போதுங்க. மிச்சத்தை நாளைக்குப் படிக்கிறேன்." புத்தகத்தில் பாதிகூட முடியவில்லை. பணிமனைச் சங்கு ஊதி ஓய்கிறது. வேலை முடிந்தவர்களின் சைக்கிள் மணிகள் தெருவை நிறைத்துக் கடந்துபோகின்றன. அந்தச் சத்தம் அடங்கும்வரை தைரியராஜ் காத்திருக்கிறார். "அக்னஸ், கடைசி அத்தியாயத்தை இப்பவே படிச்சிடு. நடுவுல இருக்கறதை அப்புறமா நீ மட்டும் படிச்சுக்க." அவள் படிக்காத பக்கங்களை மொத்தமாகத் தள்ளிக் கடைசிக்குப் போகிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்குச் சிரிப்பு வருகிற குரலிலேயே தொடங்குகிறாள்.