பெருச்சாளியின் வெள்ளிக்காசு

ஒரு பெருச்சாளி, தனக்குக் கிடைத்த வெள்ளிக்காசை விட்டு நகரப் பயந்து வளைக்குள்ளேயே அடைந்து கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்துச் சலித்த சிநேகிதர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பேச்சுத் துணைக்குக் காசுதான் மிச்சம்.

"செல்வமே, நீயும் என்னை விட்டுப் போயிட மாட்டியே?" என்று ஒருநாள் கேட்டது பெருச்சாளி.

"போகாம எப்படி? என் பேரே 'செல்'லுன்னுதானே ஆரம்பிக்குது! கைமாறிப் போனாத்தான் நான் செல்லும் காசு. இங்க கிடந்து எனக்கும் மூச்சு முட்டுது" என்றது காசு.

பெருச்சாளி வெகுநேரம் அழுதது. பிறகு காசை மூக்கால் உருட்டிக்கொண்டு போய்ச் சந்தைப் பாதையில் விட்டது. கீரைக்காரி ஒருத்தி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். அவள் மறையும்வரை பெருச்சாளி பார்த்துக்கொண்டே நின்றது.

வேலியில் இருந்த ஓணான் எட்டிப் பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டது.

"ஆமா," என்றது பெருச்சாளி. "இன்னிக்குத்தான் வந்தேன்."