பேர் வெட்டின குடம்

"செம்புத் தந்திக் கம்பிய அறுத்தவன் அறுத்துட்டுப் போயிட்டான். இனி நம்ம ஓட்டைச் செம்பைக்கூட ரேகை வச்சுத்தான் விக்கணுமாம்!"

சின்னமனூர்ச் சந்தையில் யாரோ யாரிடமோ சொல்லிச் சிரித்தார்கள். அதைக் கேட்டு மாயக்காள் நின்றுவிட்டாள்.

ஒரு இடுப்பில் காய்ச்சல் குழந்தை. இன்னொன்றில் செம்புக் குடம். விடியலில் வாய்க்கால் படியிலிருந்து தூக்கி வந்தது. யாருடையதென்று தெரியாது.

திரும்பிவிடலாம். ஆனால் மருந்து வாங்க வேறு வழியில்லை.

பழைய பாத்திரக் கடையில் ஏட்டு பால்பாண்டி உட்கார்ந்திருந்தார். கம்பித் திருட்டுக்குப் பிறகு அவருக்கு அங்கேதான் காவல். தூணோரம் ஒரு பெண் அவரிடம் ஏதோ சொல்லக் காத்து நின்றாள்.

கடைக்காரர் மொக்கைச்சாமி குடத்தைத் திருப்பினார். கழுத்தில் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"பேர் வெட்டின குடமாவுல இருக்கு! வெட்டின பேரும் விக்கிறவுக பேரும் ஒண்ணா இருக்கணுமுன்னு உத்தரவு. ஒம் பேரென்ன ஆத்தா?"

மாயக்காளுக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் பேரைச் சொல்வது?

"சொந்தப் பேரு மறந்துபோச்சோ?" ஏட்டு லத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஸ்டேஷனுக்கு வந்தா ஞாபகம் வந்துரும்."

குழந்தை அனத்தியது. தூணோரம் நின்ற பெண் கிட்டே வந்து அதன் நெற்றியைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"அடி சோணையம்மா! பிள்ளை இந்தக் கொதி கொதிக்கி, இங்கன என்னடி முழிச்சுக்கிட்டு நிக்க? டாக்டர் போயிருவாக. ரேகைய வச்சுட்டு ஓடு!"

மொக்கைச்சாமி எழுத்தை மறுபடி பார்த்தார்.

"சோணையம்மாள். சரியாத்தான் இருக்கு, ஏட்டய்யா."

மாயக்காளின் கட்டைவிரல் நோட்டில் பதிந்தது. யார் இவள்? தன்னை யாரென்று நினைத்துக் கூப்பிட்டாள்?

ஏட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நீ ஏதோ புகாருன்னு காலையிலேருந்து நின்னியே, என்ன?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. வீட்டுலயே எங்கிட்டாச்சும் கெடக்கும். போய்த் தேடிப் பாக்கேன்."

அவள் கையில் ஒரு சின்னச் செம்பு இருந்தது. மாயக்காள் அப்போதுதான் பார்த்தாள். அதன் கழுத்திலும் அதே புள்ளிகள், அதே வரிசையில்.

சோணையம்மாள் செம்பின் எழுத்துப் பக்கத்தை வயிற்றோடு திருப்பி அணைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, கடைப்படி இறங்கினாள்.