இருமிக் காட்டுங்கள்

புயல் முகாமில் நெஞ்சுச்சளிக்குப் புது மாத்திரை கொடுக்கும் நர்ஸ் பிலோமினா, இருமலைக் கேட்டு மாத்திரையின் பலனைக் கணிக்கும் ஆய்வுக் கருவியை நீட்டினாள். எல்லோரும் அதன் முன் இருமிக் காட்ட வேண்டும். இருமல் குறைந்துவிட்டால், அந்தக் கருவியே முடிவெடுத்து மருத்துவக் குழுவை வேறு முகாமுக்கு அனுப்பிவிடும்.

செண்பகவல்லி லொக்கு லொக்கென்று இருமினாள்.

“ஒனக்குத்தான் போன வாரமே கொணமாயிருச்சேக்கா?”

“மருமவளுக்கு ஒம்பது மாசம், நர்சம்மா. நீங்க கெளம்பிட்டா பிரசவத்த யாரு பாப்பா?”

பிலோமினா அந்த இருமலைப் பதிந்துகொண்டாள். பின்னால் நின்ற, குணமானவர்களும் அப்படியே இருமினார்கள், அந்த இருமல்களையும் பதிந்தாள்.

மறுநாள் காலை கருவியின் முடிவு வந்துவிட்டது. குழு இங்கேயே இருக்கலாம். மாத்திரையால் பலனில்லை, இனி எந்த முகாமிலும் கொடுக்க வேண்டாம்.

அன்றைய மாத்திரை வரிசையில் முதலில் நின்ற பெரியவர், நிஜமாகவே இருமிக்கொண்டு, மாத்திரைக்குக் கையை நீட்டினார்.